பெருந்தீனியும் உடல் பருமனும்: எடைக் குறைப்பு முதலிலா, மனநல சிகிச்சை முதலிலா?

கேள்வியின் சாரம் இது: நாற்பது வயது, உடல் பருமன் உள்ளவர். வாரத்தில் மூன்று நான்கு நாட்கள் இரவில் கட்டுப்பாடு இழந்து அளவு மீறிச் சாப்பிடுகிறார். டயட் தொடங்கினால் சில நாட்கள் தாங்குகிறது, பிறகு முன்னைவிட மோசமாகிறது. மனநல சிகிச்சைக்குப் போவதா, முதலில் எடையைக் குறைப்பதா? அந்தச் சிகிச்சையில் என்னதான் செய்வார்கள்?

முதலில் பெருந்தீனிக்குச் சிகிச்சை, எடைக்கான வேலை அதற்குப் பிறகு. இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்தச் சிகிச்சை பெருந்தீனியை நிறுத்துவதில் நல்ல பலன் தருகிறது, எடையைக் குறைப்பதில் சொற்பமாகத்தான் உதவுகிறது. எடை குறையும் என்று நம்பிச் சேருபவர்கள், வாரத்துக்கு நான்கு முறை நடந்தது ஒரு முறையாகக் குறைந்த பின்னும், எடை இயந்திரத்தில் எண் மாறவில்லையே என்று பாதியில் விட்டுவிடுகிறார்கள். சிகிச்சை வேலை செய்துகொண்டிருக்கும் நேரத்தில்தான் பலர் விலகுகிறார்கள் என்பது இதில் உள்ள வருத்தமான விஷயம்.

இது பெருந்தீனிக் கோளாறுதானா?

உடல் பருமன் உள்ளவர்களில் ஒரு பிரிவினர் இப்படிக் குறுகிய நேரத்தில் ஏராளமாக உண்டு, பிறகு வேதனைப்படுகிறார்கள் என்று அமெரிக்க மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டன்கார்ட் 1959-இலேயே எழுதினார். ஆனால் இது தனி நோயாக அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது 2013-இல் வெளியான, மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான டி.எஸ்.எம்.-5-இல்தான். மருத்துவர்கள் ‘பிஞ்ச் ஈட்டிங் டிஸார்டர்’ என்று எழுதுவது இதைத்தான்.

இரண்டு அம்சங்கள் சேர்ந்து இருக்க வேண்டும். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குள், அதே சூழலில் பெரும்பாலானோர் உண்பதைவிடத் தெளிவாக அதிகமான அளவு உள்ளே போக வேண்டும். கூடவே, நிறுத்த முடியவில்லை, எதை எவ்வளவு தின்கிறோம் என்பது கையில் இல்லை என்ற உணர்வு இருக்க வேண்டும். இது வாரத்துக்கு ஒரு முறையாவது, மூன்று மாதங்களாக நடந்திருக்க வேண்டும். அதோடு, வழக்கத்தைவிட வேகமாக உண்பது, வயிறு வலிக்கும் அளவுக்கு உண்பது, பசியில்லாமலே நிறைய உண்பது, வெட்கத்தால் தனியாக உண்பது, பிறகு தன்மீதே அருவருப்போ குற்ற உணர்வோ கொள்வது ஆகிய ஐந்தில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். வாரத்துக்கு 1 முதல் 3 முறை என்றால் லேசானது, 4 முதல் 7 என்றால் நடுத்தரம், 8 முதல் 13 என்றால் கடுமை, 14-உம் அதற்கு மேலும் என்றால் மிகக் கடுமை. கேள்வியில் உள்ளவர் லேசானதற்கும் நடுத்தரத்துக்கும் இடையில் நிற்கிறார்.

விருந்தில் அதிகமாகச் சாப்பிடுவது இதில் சேராது. நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்துக்கொண்டே இருப்பதும் சேராது, அது எடையைக் கூட்டினாலும் சரி. தூக்கத்திலிருந்து எழுந்து எழுந்து உண்பவர்களுக்கு இருப்பது ‘நைட் ஈட்டிங்’ என்ற வேறு பிரச்சினையாக இருக்கலாம். சாப்பிட்டதை வாந்தியெடுத்தோ, பேதி மாத்திரை போட்டோ, நாள் கணக்கில் பட்டினி கிடந்தோ ஈடுகட்டுபவர் என்றால் அது புலிமியா பக்கம் போகிறது. அங்கே ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே பாதிக்கப்படலாம் என்பதால், இதை மருத்துவரிடம் மறைக்கவே கூடாது.

மருந்துகளையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஓலான்ஸபின், க்ளோஸபின் போன்ற மனநல மருந்துகளும் ஸ்டீராய்டுகளும் பசியைக் கடுமையாகத் தூண்டும். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவருக்கு ரத்தச் சர்க்கரை தாழ்ந்தால், கை நடுங்கி, கண்மண் தெரியாமல் சாப்பிடத் தோன்றும். அதைப் பெருந்தீனி என்று எழுதிவிட்டு மாதக்கணக்கில் மனதை ஆராய்வது வீண் வேலை. சந்தேகம் இருந்தால் அந்த நேரத்தில் விரலில் குத்தி சர்க்கரையைப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

ஏன் டயட் முதலில் வேண்டாம்

பெருந்தீனியைப் பெரும்பாலும் இரண்டு விஷயங்கள் ஓட்டுகின்றன. ஒன்று, சாப்பாட்டைப் பற்றிய கறாரான விதிகள். “மாலை ஆறுக்கு மேல் எதுவும் கூடாது”, “இனிப்பு வாயிலேயே படக் கூடாது” என்று விதி போட்டவர் ஒரு துண்டு இனிப்பைத் தின்றதும், “கெட்டது கெட்டுவிட்டது, இன்று போகட்டும், நாளை முதல் சரியாக இருக்கலாம்” என்று மிச்சத்தையும் தின்றுவிடுகிறார். அந்த ஒரு துண்டால் உடலுக்குப் பெரிய கேடு இல்லை. கேட்டைச் செய்வது “நாளை முதல்” என்ற எண்ணம்தான். இரண்டாவது, தாங்க முடியாத மனநிலை: கோபம், சலிப்பு, தனிமை, அவமானம். சாப்பிடும் அந்த இருபது நிமிடம் அந்த உணர்வு மறைகிறது. மறைவதால்தான் பழக்கம் நிலைக்கிறது.

பருமன் உள்ளவர்களிடம் ஒரு வித்தியாசம் உண்டு. புலிமியா உள்ளவர்கள் இடைப்பட்ட நேரத்தில் மிகக் கறாராக உண்பார்கள். பருமன் உள்ளவர்களிடமோ பெருந்தீனி இல்லாத நேரத்திலும் சாப்பாடு ஒழுங்கற்று இருக்கும்: காலையில் ஒன்றுமில்லை, மதியம் நின்றுகொண்டே ஏதோ, மாலையில் கொறிப்பு, இரவில் வெள்ளம். மனதில் விதிகள் இருக்கும், நடைமுறையில் எதுவும் நிற்காது. அதனால் “நான் டயட்டே இருப்பதில்லை” என்று சொல்பவரிடமும், இருக்க வேண்டும் என்று தினமும் முடிவெடுத்து தினமும் தோற்கும் வேதனை இருக்கும். அதுவும் கணக்கில் வரும்.

இங்கே ஒரு திருத்தம் தேவை. மருத்துவக் கண்காணிப்பில், மிதமாக, நேரம் தவறாமல் உண்ணவைக்கும் எடைக் குறைப்புத் திட்டங்கள் பெருந்தீனியை உண்டாக்குகின்றன என்ற பயம் மிகைப்படுத்தப்பட்டது. அவற்றில் சேர்ந்தவர்களுக்கும் பெருந்தீனி ஓரளவு குறைகிறது. ஆபத்தானது தானாகவே போட்டுக்கொள்ளும் பட்டினி டயட்டும், வேளை தவிர்ப்பதும், நீண்ட இடைவெளி விரதமுறைகளும்தான்.

எந்தச் சிகிச்சை?

அதிகம் சோதிக்கப்பட்டது சி.பி.டி. என்ற அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. இதில் உணவுக் கோளாறுகளுக்கென்றே வடிவமைத்த முறையை ஆக்ஸ்ஃபோர்டின் கிறிஸ்டோஃபர் ஃபேர்பர்னும் அவரது குழுவும் வளர்த்தெடுத்தார்கள். வழக்கமான அளவு 20 வாரங்களில் 20 அமர்வுகள், ஒவ்வொன்றும் ஐம்பது நிமிடம். முழுமையாக முடிப்பவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்குப் பெருந்தீனி முற்றிலும் நின்றுவிடுகிறது. மற்றவர்களில் பலருக்குக் கணிசமாகக் குறைகிறது.

எல்லோருக்கும் 20 அமர்வு தேவைப்படுவதில்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2017-இல் வெளியிட்ட வழிகாட்டியில், பெரியவர்களுக்கு முதலில் வழிகாட்டலுடன் கூடிய சுய உதவியைத்தான் பரிந்துரைக்கிறது. அதே சி.பி.டி. உத்திகளைக் கையேட்டில் படித்துத் தானே செய்ய வேண்டும். 16 வாரங்களில் 4 முதல் 9 முறை, தலா 20 நிமிடம், ஒருவர் உடனிருந்து சரிபார்ப்பார். நான்கு வாரத்தில் இது பொருந்தவில்லை என்றால் குழு சி.பி.டி.: வாரத்துக்கு ஒரு முறை, 90 நிமிடம், 16 அமர்வுகள். குழு கிடைக்கவில்லை அல்லது வேண்டாம் என்றால் தனிநபர் சி.பி.டி., 16 முதல் 20 அமர்வு. மருந்தை மட்டும் தனிச் சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்றும், எடைக் குறைப்பு இந்தச் சிகிச்சையின் இலக்கு இல்லை என்று நோயாளிக்கு விளக்க வேண்டும் என்றும் அது வெளிப்படையாகச் சொல்கிறது.

2010-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. அதிக எடையோ பருமனோ உள்ள, பெருந்தீனிக் கோளாறு கொண்ட 205 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உறவுசார் சிகிச்சையான ஐ.பி.டி., இன்னொன்றுக்கு வழிகாட்டலுடன் சி.பி.டி. சுய உதவி, மூன்றாவதற்கு எடைக் குறைப்புத் திட்டம். தொடக்கத்தில் எடைக் குறைப்புப் பிரிவினரே அதிகம் எடை இழந்தார்கள். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது அந்த எடை வித்தியாசம் நிற்கவில்லை. பெருந்தீனி நின்றிருப்பதிலோ மற்ற இரு பிரிவினரும் முன்னால் இருந்தார்கள்.

ஐ.பி.டி. உணவைப் பற்றி அதிகம் பேசாது. துக்கம், உறவுச் சண்டை, வாழ்க்கை நிலை மாற்றம், நெருக்கமானவர்கள் இல்லாத தனிமை ஆகியவற்றில் எது பெருந்தீனியோடு ஒட்டி வருகிறது என்று கண்டு அதில் வேலை செய்யும். பலன் மெதுவாக வந்தாலும் நிலைக்கும். தன்னைப் பற்றி மிகத் தாழ்வாக எண்ணுபவர்களுக்கு இதைப் பரிசீலிப்பது நல்லது. கோபமோ வேதனையோ வந்ததும் அடுத்த நொடி சமையலறையில் நிற்பவர்களுக்கு டி.பி.டி. என்ற இயங்கியல் நடத்தை சிகிச்சை எடுபடும். உணர்ச்சியை அடையாளம் காண்பது, தாங்கிக்கொள்வது, ஒரு பெருந்தீனியின் சங்கிலியை நிமிடவாரியாகப் பின்னோக்கிப் பிரித்துப் பார்ப்பது ஆகியவை அதன் உத்திகள்.

அருகில் எது நன்றாகக் கிடைக்கிறதோ அதில் சேருவதே நடைமுறை. ஐ.பி.டி. நிபுணர் எங்கே என்று ஓராண்டு தேடுவதைவிட, சி.பி.டி. கையேட்டை அடுத்த வாரமே தொடங்குவது மேல்.

சி.பி.டி.யில் வாரவாரியாக நடப்பது

முதல் வேலை பதிவேடு. ஒரு நாளுக்கு ஒரு பக்கம், ஆறு பத்திகள்: நேரம், சாப்பிட்டதும் குடித்ததும், இடம், இது வேளை உணவா இடைத்தீனியா என்பது, அளவு மீறியதாகத் தோன்றினால் ஒரு நட்சத்திரக் குறி, கடைசியில் அப்போதைய சூழலும் எண்ணமும். கலோரி எழுத வேண்டாம். எடை போட்டு அளக்கவும் வேண்டாம்.

விதி ஒன்றுதான்: சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதோ முடித்த உடனேயோ எழுத வேண்டும். இரவு படுக்கும் முன் மொத்தமாக எழுதுவது பயனற்றது. மாலை நாலரைக்குக் கடுகடுப்பாக ஒரு தொலைபேசி அழைப்பு வந்ததும், மதியம் பாதிச் சாப்பாட்டை ஒதுக்கியதும் இரவு பதினொன்றுக்கு நினைவில் இருக்காது. நினைவில் இருப்பது “இன்றும் தோற்றேன்” என்பது மட்டும்தான். பெருந்தீனி நடந்த நாளின் பக்கத்தைத்தான் பலர் கிழித்துவிடுகிறார்கள். சிகிச்சையாளருக்கு அந்தப் பக்கம்தான் வேண்டும். காகிதம் வெட்கமாக இருந்தால் கைபேசிக் குறிப்பில் எழுதலாம், தாமதமில்லாமல் எழுதினால் போதும்.

அடுத்தது எடை பார்ப்பது: வாரத்துக்கு ஒரு முறை, ஒரே கிழமையில். தினம் மூன்று முறை ஏறிப் பார்ப்பவர் நீரளவால் வரும் ஏற்ற இறக்கத்தைக் கொழுப்பு என்று எண்ணிச் சாப்பாட்டைக் குறைப்பார், இரவில் உடைவார். பல மாதம் பார்க்கவே பார்க்காதவர் மனதில் எடை கற்பனையாகவே ஏறிக்கொண்டிருக்கும். இரண்டுமே ஆகாது. ஒரே வார எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது, நான்கு வாரப் போக்கைப் பார்த்தால்தான் அர்த்தம்.

பிறகு வருவது சிகிச்சையின் முதுகெலும்பு: நேரத்துக்குச் சாப்பிடுவது. மூன்று வேளை உணவு, இரண்டு அல்லது மூன்று இடைத்தீனி, இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி கூடாது. உதாரணமாக 8 மணி, 10.30, 1 மணி, 4 மணி, 7.30, தேவைப்பட்டால் 9.30. பசித்தாலும் பசிக்காவிட்டாலும் அந்த நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், நடுவில் சாப்பிடக் கூடாது. ஒழுங்கற்று உண்ட உடலில் பசியும் நிறைவும் காட்டும் அறிகுறிகள் குழம்பிப்போயிருப்பதால், தொடக்கத்தில் கடிகாரத்தை நம்புவதே பாதுகாப்பு. என்ன சாப்பிடுவது என்பதை இந்தக் கட்டத்தில் யாரும் திருத்த மாட்டார்கள். எப்போது என்பது மட்டும்தான் வேலை. பலருக்கு இந்த ஒரு மாற்றத்திலேயே பெருந்தீனி சட்டென்று குறையும்.

“ஏற்கெனவே இந்த எடை, இதில் ஆறு முறை சாப்பிடுவதா?” என்ற அச்சம் அநேகமாக எல்லோருக்கும் வரும். ஒரு பெருந்தீனியில் உள்ளே போகும் அளவோடு இரண்டு இடைத்தீனியை ஒப்பிட்டுப் பார்த்தால் கணக்கு புரியும். பெரும்பாலோருக்கு இதனால் எடை ஏறுவதில்லை. வாராந்திர எடை அதைக் கண்ணெதிரே காட்டும்.

திட்டம் உடைவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: பெருந்தீனிக்கு மறுநாள் காலை. முந்தைய இரவை ஈடுகட்ட அவர் காலை உணவைத் தவிர்க்கிறார், மதியம் குறைத்துக்கொள்கிறார், மாலை ஆறுக்குக் கொடும் பசி, இரவு மறுபடியும் அதே கதை. ஆகவே வேறு எந்த விதியை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது: என்ன நடந்திருந்தாலும் அடுத்த வேளை உணவு அதன் நேரத்துக்கு, அதன் வழக்கமான அளவில். இரண்டாவது ஓட்டை மாலை நான்கு மணி இடைத்தீனியை வேலை மும்முரத்தில் விடுவது. மூன்றாவது, மதிய உணவை ‘ஆரோக்கியமாக’ என்ற பெயரில் மிகச் சிறிதாக்குவது. இரவில் மனவுறுதி குறைவதாக நினைப்பவர்களின் பதிவேட்டைப் பார்த்தால், பாதி நாட்களில் மதியமே காரணம் தெரிந்துவிடும். இரவுப் பணிக்காரர்கள் விழித்த நேரத்தை ‘காலை’ என்று வைத்து அங்கிருந்து எண்ண வேண்டும். இன்சுலின் எடுப்பவர்கள் உணவு நேரத்தை மாற்றும் முன் தங்கள் மருத்துவரிடம் அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும், இது தவிர்க்கக் கூடாத படி.

நேரம் ஓரளவு நிலைத்ததும் உந்துதலைக் கையாளும் வேலை. இடைப்பட்ட நேரத்தில் தின்ன வேண்டும் என்ற வேகம் வரும், ஏறும், தின்னாவிட்டாலும் தானே தணியும். அதைத் தாண்ட ஒரு பட்டியல் முன்கூட்டியே எழுதிக் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அதில் உள்ளவை மூன்று குணம் கொண்டவையாக இருக்கட்டும்: உடலை அசைப்பவை, கொஞ்சமாவது பிடித்தவை, சாப்பிட்டுக்கொண்டே செய்ய முடியாதவை. நடப்பது, குளிப்பது, ஒருவரை அழைத்துப் பேசுவது சரி. தொலைக்காட்சி பார்ப்பது பட்டியலில் வரக் கூடாது, அது பெருந்தீனியின் பழைய கூட்டாளி. “புத்தகம் படிப்பேன்” என்பதும் வேகம் உச்சத்தில் இருக்கும்போது எடுபடுவதில்லை. பட்டியலை வேகம் வந்த பிறகு யோசிக்க உட்காரக் கூடாது, அப்போது மூளை ஒரே ஒரு யோசனையைத்தான் தரும்.

இதையும் மீறி நடந்த ஒவ்வொரு பெருந்தீனியையும் நான்கு கேள்விகளால் சோதிப்பார்கள். ஏதாவது உணவு விதியை உடைத்தேனா? அன்று குறைவாகச் சாப்பிட்டிருந்தேனா? மது போன்று கட்டுப்பாட்டைத் தளர்த்தும் ஏதாவது இருந்ததா? மனதைப் பாதித்த நிகழ்வு இருந்ததா? இரண்டு மூன்று வாரப் பதிவில் ஒருவருக்கு எது திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்துவிடும். அடுத்த கட்டச் சிகிச்சை அதைப் பொறுத்தே அமையும்.

விதி உடைவதுதான் காரணம் என்றால், தவிர்க்கும் உணவுகளைப் பட்டியலிட்டு அச்சத்தின் அளவுப்படி நான்கு பிரிவாக்குவார்கள். எளிதான பிரிவிலிருந்து தொடங்கி, நிதானமான ஒரு நாளில், திட்டமிட்ட வேளை உணவின் பகுதியாக, சிறிய அளவில் அதைச் சாப்பிட வேண்டும். பசியோடு, தனியாக, பெரிய பொட்டலத்தைத் திறந்து வைத்து இதைச் செய்தால் தோல்விதான். “அதைத் தின்றும் ஒன்றும் ஆகவில்லை” என்ற அனுபவம் சிலமுறை கிடைத்ததும் விதியின் பிடி தளரும்.

நிகழ்வுகள்தான் காரணம் என்றால் பிரச்சினை தீர்க்கும் பயிற்சி: சிக்கலை முளையிலேயே கவனிப்பது, ஒரே வரியில் சரியாகச் சொல்வது, தோன்றும் வழிகளை எல்லாம் எழுதுவது, ஒவ்வொன்றின் விளைவையும் எண்ணிப் பார்ப்பது, ஒன்றைத் தேர்வது, செய்வது. மறுநாள் அது எப்படிப் போனது என்று பார்க்கவும் வேண்டும். இரவு பத்து மணிப் பெருந்தீனியின் பிரச்சினை மாலை ஐந்து மணிக்கே பதிவேட்டில் தலைகாட்டியிருக்கும்.

உடல் தோற்றம் பற்றிய பகுதியில் சிகிச்சையாளருக்குப் பக்குவம் வேண்டும். பருமனான ஒருவர் “எல்லோரும் என்னை முறைத்துப் பார்க்கிறார்கள்” என்றால் அது பல சமயம் உண்மை. அதைத் தவறான எண்ணம் என்று திருத்தப் போவது அவமதிப்பு. அங்கே செய்ய வேண்டியது, உடலை முன்னிட்டுத் தள்ளிப்போட்ட வாழ்க்கையை மீட்பது: புகைப்படம், நீச்சல், உறவினர் வீட்டு நிகழ்ச்சி, புதிய உடை. “எடை குறைந்ததும் செய்வேன்” என்ற பட்டியலில் இருந்து வாரம் ஒன்றை இப்போதே செய்யச் சொல்வார்கள்.

நான்காவது வாரம் ஒரு சோதனைச் சாவடி. தொடக்கத்தில் இருந்த எண்ணிக்கையில் 65 சதவீதமோ அதற்கு மேலோ பெருந்தீனி அதற்குள் குறைந்திருந்தால், இறுதிப் பலன் நன்றாக அமையும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. வாரம் நான்கு முறை என்றால், அது ஒன்றுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் அது நோயாளியின் குற்றமல்ல. பதிவேடு உடனுக்குடன் எழுதப்படுகிறதா, நான்கு மணி நேர இடைவெளி உண்மையிலேயே காக்கப்படுகிறதா, மனச்சோர்வோ ஏ.டி.எச்.டி. என்ற கவனக் குறைபாட்டுக் கோளாறோ மதுவோ குறுக்கே நிற்கிறதா என்று பார்த்து முறையை மாற்றும் நேரம் அது. பத்து அமர்வு வரை “பொறுங்கள், வரும்” என்பது சரியான மருத்துவம் ஆகாது.

அப்படியானால் எடை?

பெருந்தீனி முற்றிலும் நின்றவர்களுக்கு எடை ஏறுவது நிற்கும், சிலருக்குச் சற்றுக் குறையும். அவ்வளவுதான். பல ஆண்டுகளாக ஏறிவந்த எடை ஏறாமல் நிற்பதே உடலுக்கு ஒரு லாபம் என்றாலும், பலருக்கு அது ஏமாற்றமாக இருக்கும்.

இரண்டு மூன்று மாதம் பெருந்தீனி இல்லாமலோ மிக அரிதாகவோ இருந்தால், எடைக்கான வேலையைத் தொடங்கலாம். அப்போதும் மூன்று வேளை, இடைத்தீனி என்ற சட்டகம் மாறாது, அளவும் வகையும் மட்டும் மாறும். நாளுக்கு 500 கலோரி போன்ற மிதமான குறைப்பு, முழுத் தடை எதற்கும் இல்லை, பதிவேடு தொடரும். நட்சத்திரக் குறி மீண்டும் தலைகாட்டினால் எடை வேலையை நிறுத்திவிட்டு ஒழுங்கான நேரத்துக்குத் திரும்ப வேண்டும். நடைப்பயிற்சியை மட்டும் முதல் வாரத்திலிருந்தே செய்யலாம், தின்றதற்குத் தண்டனையாகச் செய்யாத வரை.

சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சுத் தடை ஆகியவை கட்டுமீறி இருப்பவர் இவ்வளவு காத்திருக்க முடியாது. அவருக்கு இரண்டையும் சேர்த்தே நடத்த வேண்டும், ஆனால் இரு மருத்துவர்களும் பேசிக்கொள்ள வேண்டும். ஒருவர் “நேரத்துக்குச் சாப்பிடு” என்றும் மற்றவர் “இரவு உணவை விடு” என்றும் சொன்னால் நோயாளி இரண்டையும் விடுவார்.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாக. ஏ.டி.எச்.டி.க்குக் கொடுக்கப்படும் தூண்டல் மருந்தான லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமினை 2015-இல் அமெரிக்காவின் மருந்து அனுமதி அமைப்பான எஃப்.டி.ஏ., நடுத்தர, கடுமையான பெருந்தீனிக் கோளாறுக்கு அனுமதித்தது. நாளுக்கு 50 முதல் 70 மில்லிகிராம். எடைக் குறைப்புக்கு அந்த அனுமதி இல்லை. அடிமையாகும் ஆபத்து உண்டு, இதய நோயாளிகளுக்கு எச்சரிக்கை தேவை. வலிப்பு மருந்தான டோப்பிராமேட் பெருந்தீனியையும் எடையையும் குறைக்கும், ஆனால் சிந்தனை மந்தம், கை கால் மதமதப்பு வரும், கர்ப்பத்தில் சிசுவுக்கு ஊனம் உண்டாக்கலாம். எடைக்குக் கொடுக்கப்படும் புப்ரோப்பியான் கலந்த மாத்திரையைப் புலிமியா இருந்தவர்கள் எடுக்கக் கூடாது, வலிப்பு வரலாம். இப்போது எல்லோரும் கேட்கும் ஜி.எல்.பி-1 ஊசிகள் பசியைத் தணிக்கின்றன; பருமனுக்கு அவை அனுமதிக்கப்பட்டவை, பெருந்தீனிக் கோளாறுக்கென்று அல்ல. ஊசி போடும்போது காலை உணவும் மதிய உணவும் தானாகவே உதிர்ந்துபோனால், நிறுத்தும் நாளில் பழைய இரவுகள் திரும்ப எல்லா ஏற்பாடும் தயாராக இருக்கும். எடுப்பவர்கள் நேரத்துக்குச் சிறிதளவாவது உண்பதைக் கைவிடக் கூடாது.

இரைப்பை அறுவைக்குப் பெருந்தீனி முழுத் தடை அல்ல. அறுவைக்குப் பின் பெரிய அளவு உள்ளே போகாது என்பதால் கோளாறு போய்விட்டது போலத் தெரியும். கட்டுப்பாடு இழந்து சிறு சிறு அளவில் நாள் முழுக்கத் தின்பதாக அது உருமாறலாம், அப்படி மாறியவர்களுக்கு எடை திரும்ப ஏறும் ஆபத்து அதிகம். அறுவைக்கு முன் மட்டும் மனநல மதிப்பீடு செய்துவிட்டுப் பின்னால் எட்டிப் பார்க்காத மருத்துவமனையைவிட, பின்தொடரும் இடமே மேல்.

சிகிச்சையாளரிடம் கேட்க வேண்டியவை

உணவுக் கோளாறுகளில் பயிற்சி உண்டா? பதிவேடு பயன்படுத்துவீர்களா? எத்தனை அமர்வு, எப்போது முன்னேற்றத்தை மதிப்பிடுவீர்கள்? இவற்றுக்கு நேரான பதில் வேண்டும். முதல் சந்திப்பிலேயே 1200 கலோரி டயட் அட்டையை நீட்டுபவரும், ஆறு மாதமாகக் குழந்தைப் பருவத்தையே பேசிக்கொண்டு இந்த வாரம் எத்தனை முறை நடந்தது என்று கேட்காதவரும் இந்த நோய்க்குப் பொருத்தமானவர்கள் அல்லர். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் முன் கவனிக்க வேண்டியது அதுதான், அந்த எண்ணம் தீவிரமானால் அமர்வு நாளுக்குக் காத்திராமல் உடனே அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும்.

சிகிச்சை முடியும்போது ஒரு பக்கத்தில் திட்டம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மீண்டும் ஒரு பெருந்தீனி வரும், அநேகமாக எல்லோருக்கும் வரும். ஒன்று வந்தால் அது சறுக்கல். “பழைய நிலைக்கே போய்விட்டேன்” என்று முடிவுகட்டினால்தான் அது வீழ்ச்சியாகிறது. அன்றே பதிவேட்டைத் திரும்ப எடுப்பது, அடுத்த வேளை உணவை நேரத்துக்கு உண்பது, நான்கு கேள்விகளைக் கேட்பது, இரண்டு வாரத்தில் அடங்கவில்லை என்றால் சிகிச்சையாளரை அழைப்பது ஆகியவை அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும். வேலை மாற்றம், பிரசவம், துக்கம், புதிய டயட் ஆகியவை ஆபத்துக் காலங்கள் என்றும் அதிலேயே குறித்து வையுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: தட்டைப் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டாம், தின்பண்டத்தைப் பூட்டி வைக்கவும் வேண்டாம். பூட்டினால் உண்பது ஒளிவுமறைவாகும், பதிவேட்டில் பொய் வரும். நீங்கள் செய்யக்கூடிய உருப்படியான உதவி, மாலை நான்கு மணி இடைத்தீனியையும் இரவு உணவையும் அவரோடு உட்கார்ந்து, அதே நேரத்தில், நீங்களும் சாப்பிடுவது.